சுத்தி வந்தாத்தான் பழமா?

டிஸ்கி: இது பயணக் கட்டுரை இல்லை. அருவி படம், அரோரா படம் எதுவும் கிடையாது. சண்டைப் பதிவு. அஞ்சு நாள்ல ஐஸ்லாந்தைச் சுத்திட்டு வந்து தொடர் பதிவு போட்ட மக்கள் ஒரு டம்ளர் தண்ணி குடிச்சிட்டு வந்து படிக்கவும்.

ஐஸ்லாந்து போகலாம்னு இருக்கேன்னு யார்கிட்ட வேணா சொல்லிப் பாருங்க. அடுத்த நிமிஷம் பதில் வரும். "ரிங் ரோடு அடிச்சிடு மச்சி. அஞ்சு நாள் தாராளம். சின்ன நாடுதானே. ஒரே ரோடு, சுத்திட்டு கிளம்பின எடத்துக்கே வந்துடலாம்." சொல்றவர் போயிருக்கணும்னு அவசியம் இல்லை. அவருக்கு அவரோட டீம் லீட் சொல்லியிருப்பார், டீம் லீடுக்கு ஏதாவது ஒரு யூடியூப் வீடியோ சொல்லியிருக்கும்.

நான் 2022 செப்டம்பர்ல போனேன். ஏழு நாள். தென்கரை மட்டும்தான். ரெய்க்யாவிக்ல கிளம்பி தென்கிழக்குல ஹோஃப்ன் வரைக்கும் போய், அதே ரோட்ல திரும்பி வந்தேன். அன்னிலேர்ந்து நம்ம பசங்களுக்கு நான் 'அரை ஐஸ்லாந்து'. வாட்ஸப் குழுவில பேரே மாத்திட்டாங்க. கிண்டல் பண்ணிட்டுப் போகட்டும், அதுல வருத்தமில்லை. ஆனா இப்ப கிண்டல் பண்ணவனே அக்டோபர் கடைசியில கிளம்பறான். அஞ்சு வயசுல ஒண்ணு, ரெண்டு வயசுல ஒண்ணுன்னு ரெண்டு குழந்தை, அவன் தங்கமணி, ஓட்டறதுக்கு இவன் ஒருத்தன். கையில ஒரு எக்செல் ஷீட். அதைப் பாத்ததுக்கு அப்புறம்தான் இந்தப் பதிவு எழுதியே ஆகணும்னு தோணிச்சு.

முதல்ல இந்த 'சின்ன நாடு' கதைக்கு வர்றேன். ஐஸ்லாந்துல மனுஷங்கதான் கம்மி, நாலு லட்சத்துக்குள்ள. நிலம் கம்மி இல்லைங்க. ஏறக்குறைய 1,03,000 சதுர கிலோமீட்டர். தமிழ்நாடு 1,30,000. அதாவது நம்ம மாநிலத்தை அஞ்சு பங்கு போட்டா நாலு பங்கு. சென்னைல கிளம்பி கிழக்குக் கடற்கரைச் சாலையிலயே கன்னியாகுமரி போய், அங்கேர்ந்து மதுரை, சேலம், கிருஷ்ணகிரின்னு மேல ஏறி திரும்ப சென்னைக்கு வந்து, "அஞ்சு நாள்ல தமிழ்நாடு முழுக்கப் பாத்துட்டேன்"னு ஒருத்தன் சொன்னா நாம என்ன சொல்வோம்? தஞ்சாவூர்? ஊட்டி? கொடைக்கானல்? போடா வெண்ணைன்னு சொல்ல மாட்டோம்?

அதே கதைதான் அங்கேயும். ரிங் ரோடுன்னு சொல்ற ஒண்ணாம் நம்பர் சாலை மொத்தம் 1,322 கிலோமீட்டர் சொச்சம். அது வடமேற்குல இருக்கற வெஸ்ட்ஃபியோர்டு பக்கம் எட்டிப் பாக்கறதே இல்லை. ஸ்னைஃபெல்ஸ்நெஸ் தீபகற்பம் அதுல இல்லை. நடுவுல இருக்கற மேட்டு நிலம், லண்ட்மன்னலெய்கர், அஸ்க்யா எதுவும் இல்லை. அட, எல்லாரும் முதல் நாளே போற திங்வெல்லிர், கெய்சிர், குல்ஃபோஸ் மூணும்கூட ரிங் ரோட்ல இல்லைங்க, உள்ள விலகித்தான் போகணும். ஆக முழு வட்டம் போட்டவனும் முழு ஐஸ்லாந்து பாக்கலை. அவனும் ஒரு அரைதான். நான் மெதுவாப் பாத்த அரை, அவன் கண்ணாடி வழியா ஓடவிட்ட அரை. அவ்ளோதான் வித்தியாசம்.

அப்புறம் ஏன் இந்த வட்டத்து மேல இவ்வளவு மோகம்? எனக்குத் தோணறது, நமக்கு எதையாவது முடிச்சுட்டோம்னு டிக் போடணும். பிரதட்சணம்னா ஆரம்பிச்ச தூண்கிட்ட வந்து முடியணும். கிரிவலத்துல பாதியில திரும்பினா பாட்டி திட்டும். மாம்பழத்துக்காக முருகன் மயிலேறி உலகத்தைச் சுத்தின கதையைக் கேட்டு வளந்த ஊரு. (பழம் யாருக்குக் கிடைச்சுதுங்கறதை மட்டும் சௌகரியமா மறந்துடுவோம்.)

இந்த வட்டம் எப்படி வந்ததுன்னு கொஞ்சம் சொல்லணும். அங்க க்ளாஸ்துர்னு ஒரு ஊர். முழுப் பேர் கிர்க்யுபையார்க்லாஸ்துர், அதைச் சொல்லி முடிக்கறதுக்குள்ள ஊரைத் தாண்டிடுவீங்க. அவ்ளோ சின்ன ஊர். நான் போன மூணாம் நாள் பகல்ல காத்துக்கு மஞ்சள் எச்சரிக்கை குடுத்துட்டாங்க. அங்க வானிலைத் துறை மஞ்சள், ஆரஞ்சு, சிவப்புன்னு தரம் பிரிச்சுச் சொல்லும். மஞ்சள்தானேன்னு நினைக்கக் கூடாது, கார்க் கதவைத் திறந்தா கீல் முறிஞ்சு போற காத்து அது. எனக்கு அன்னிக்கு ராத்திரியும் அதே ஊர்லதான் தங்கல், அதனால ஒண்ணும் அவசரமில்லை. நேரா அந்த ஊர் நீச்சல் குளத்துக்குப் போயிட்டேன்.

ஐஸ்லாந்துல சின்னச் சின்ன ஊர்லகூட பூமிக்கடியிலேர்ந்து வர்ற வெந்நீரோ, இல்லை எப்படியோ சூடு பண்ண தண்ணியோ விட்டு ஒரு பொதுக் குளம் வெச்சிருப்பாங்க. குளத்துக்குப் பக்கத்துல கழுத்தளவு சுடுதண்ணித் தொட்டி. அதுதான் அவங்க டீக்கடை பெஞ்ச். ஊர்க்கதை, அரசியல், மீன் விலை எல்லாம் அங்கதான். (இறங்கறதுக்கு முன்னாடி துணியில்லாம சோப்புப் போட்டுக் குளிக்கணும்ங்கறது சட்டம் மாதிரி. நம்மாளுங்க அங்கதான் ஜகா வாங்குவாங்க. நான் எப்படி சமாளிச்சேங்கறது தனிப் பதிவு.) தொட்டியில ஒரு பெரியவர், அறுபது வயசு இருக்கும். எங்கேர்ந்து வர்ற, என்ன சாப்பிடுவன்னு ஆரம்பிச்சு அப்படியே பேச்சு ரோட்டுக்கு வந்துது. அவர் பொறந்தது அங்கேர்ந்து கிழக்கே இருக்கற ஓரைவி பக்கம். ஒரு பக்கம் பனிப்பாறை, ஒரு பக்கம் கடல், மேற்கே ஸ்கெய்தரா மணல்வெளி. அந்த மணல்ல ஆறுங்க வருஷத்துக்கு ஒரு வழியில ஓடும். பாலம் கிடையாது. அவர் சின்னப் பையனா இருந்தப்ப கார்ல ரெய்க்யாவிக் போகணும்னா கிழக்கே போய், வடக்கே ஏறி, தீவையே சுத்திக்கிட்டுத்தான் போகணுமாம். நேரா போனா சில நூறு கிலோமீட்டர் தூரத்துல இருக்கற தலைநகரத்துக்கு!

1974-ல தான் அந்த மணல்வெளியில பாலங்களைக் கட்டி முடிச்சாங்க. அதுல ஸ்கெய்தரா பாலம் மட்டும் கிட்டத்தட்ட 900 மீட்டர், அப்ப நாட்டிலயே நீளமானது அதுதான். மனுஷன் ஐஸ்லாந்துல குடியேறி 1,100 வருஷம் ஆன கொண்டாட்டம் அதே வருஷம். வட்டம் முழுசானது அன்னிக்குத்தான். அந்தப் பெரியவருக்கு அந்த வட்டம்னா ஆஸ்பத்திரி, காலேஜ், கல்யாணத்துக்கு வர்ற சொந்தக்காரங்க. மீனும் பாலும் கெடாம போய்ச் சேர்றது. அது ஒரு ஜனங்களோட வாழ்க்கைப் பிரச்சினைக்கு வந்த தீர்வு. அதைக் கொண்டாந்து நம்ம லீவு அட்டவணைக்கு அளவுகோலா வெச்சா எப்படிங்க?

சரி, ஷீட்டுக்கு வருவோம். நண்பன் நல்ல இன்ஜினியர், அதுல சந்தேகமே இல்லை. கலர் கோடிங், ஃப்ரீஸ் பண்ண தலைப்பு வரிசை, லிங்க் எல்லாம் பக்கா. அவனோட மூணாம் நாளை மட்டும் எடுத்துக்கறேன். காலையில க்ளாஸ்துர்ல கிளம்பறான். ஃப்யத்ரார்க்லியுஃபுர் பள்ளத்தாக்கு. ஸ்காஃப்டாஃபெல்ல பனிப்பாறை மேல நடை. யோகுல்சார்லோன் ஏரி, எதிர்ல வைரக் கடற்கரை. ஸ்டோக்ஸ்நெஸ் மலை. ஹோஃப்ன்ல சாப்பாடு. அப்புறம் கிழக்கு ஃபியோர்டு முழுக்க ஓட்டி எகில்ஸ்ஸ்தாதிர்ல தங்கல். "10 மணி முதல் 1 மணி வரை அரோரா"ன்னு ராத்திரிக்கும் ஒரு கட்டம். எல்லா நாளுக்கும் அந்தக் கட்டம் இருக்கு. அரோராவுக்கே காலண்டர் இன்வைட் அனுப்பிட்டான் போல.

கணக்குப் போடுவோம். க்ளாஸ்துர்லேர்ந்து ஹோஃப்ன் 200 கிலோமீட்டர். அங்கேர்ந்து கடலோரமாவே போனா எகில்ஸ்ஸ்தாதிர் இன்னொரு 250 இருக்கும். மொத்தம் 450. அந்த நாட்டுல தார் ரோட்ல அதிகபட்சம் 90, சரளை ரோட்ல 80, ஊருக்குள்ள 50. நடைமுறையில ஆறு மணி நேர ஓட்டம். பனிப்பாறை நடை ஷூ மாட்டறதுலேர்ந்து கழட்டற வரைக்கும் மூணரை மணி நேரம். ஏரியும் கடற்கரையும் ஒன்றரை. பள்ளத்தாக்கு ஒண்ணு, மலை ஒண்ணு. பதிமூணு மணி நேரம் ஆச்சு. இதுல சாப்பாடு இல்லை, பெட்ரோல் இல்லை, ரெண்டு வயசுக் குழந்தைக்கு டயப்பர் மாத்தறது இல்லை. அந்த வயசுக் குழந்தையைப் பனிப்பாறை மேல கூட்டிட்டுப் போகவே விடமாட்டாங்கங்கறது வேற விஷயம். யாராவது ஒருத்தர் கார்லயே உக்காரணும்.

இப்ப முக்கியமான ஒரு எண். அக்டோபர் கடைசியில அங்க வெளிச்சம் இருக்கறது சுமார் ஒன்பது மணி நேரம். காலையில எட்டரை ஒன்பது ஆகும் விடிய, சாயங்காலம் ஆறுக்குள்ள இருட்டிடும். பதிமூணை ஒன்பதுக்குள்ள அடைக்க முடியாது. எது வெளிய விழும்? கடைசியில இருக்கறதுதான் விழும். அதாவது கிழக்கு ஃபியோர்டு. எதைப் பாக்கறதுக்காக முழு வட்டம் போடறேன்னு சொன்னானோ, அந்தக் கிழக்குக் கரையை முழுக்க இருட்டுல கடக்கப் போறான். ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் செங்குத்தா மலை, நடுவுல வளைஞ்சு வளைஞ்சு போற ரோடு, பின்சீட்ல தூங்கற ரெண்டு குழந்தை. ஹெட்லைட் வெளிச்சத்துல தெரியறது என்ன? ரோட்டோர மஞ்சக் குச்சிதான் தெரியும். அது அங்க இருக்கற எல்லா ரோட்லயும் இருக்குங்க, அதைப் பாக்க அவ்ளோ தூரம் போக வேணாம்.

கூகுள் மேப் வேற ஒரு வேலை பண்ணும். "இதோ 60 கிலோமீட்டருக்கு மேல மிச்சம்"னு 939-ம் நம்பர் ரோட்டைக் காட்டும். ஓக்ஸி கணவாய். செங்குத்தான சரளைப் பாதை. பனி விழுந்தா மூடிடுவாங்க. இருட்டுல, களைப்புல, நேரமாச்சேன்னு பதட்டத்துல இருக்கறவனுக்கு அந்த 60 கிலோமீட்டர் எவ்ளோ ஆசை காட்டும்னு யோசிச்சுப் பாருங்க.

அஞ்சாம் நாள் இன்னும் காமெடி. அக்குரேரிலேர்ந்து ரெய்க்யாவிக் 390 கிலோமீட்டர். "வழியில்" ஸ்னைஃபெல்ஸ்நெஸ், கிர்க்யுஃபெல் மலைன்னு எழுதியிருக்கான். அது வழியில இல்லடா மாப்ளே. போர்கார்நெஸ்லேர்ந்து போக நூறு, வர நூறு. விழுப்புரத்துலேர்ந்து சென்னை வர்ற வழியில பாண்டிச்சேரின்னா ஒத்துக்கலாம், வழியில திருச்சின்னா?

ஒரு நண்பர் (இவரும் நம்ம தொழில்தான்) என்கிட்ட வாதம் பண்ணார். "ரிங் டோபாலஜி பாஸ். ஒரு பக்கம் அறுந்தா இன்னொரு பக்கமா போயிடலாம், வட்டம்தான் பாதுகாப்பு." கேக்க நல்லாத்தான் இருக்கு. நெட்வொர்க்ல பாக்கெட்டுக்கு வேணா அது சரி. அது கொஞ்சம் லேட்டாப் போனா யாரும் அழ மாட்டாங்க. மறுநாள் காலையில ஃப்ளைட் இருக்கற மனுஷனுக்கு? நூறு கிலோமீட்டர்ல முடிய வேண்டியதுக்கு எதிர்ப் பக்கமா ஆயிரத்துக்கு மேல சுத்திக்கிட்டு வரணும்.

அறுந்திருக்கான்னு கேக்காதீங்க. 1996-ல வட்னயோகுல் பனிப்பாறைக்கு அடியில எரிமலை வெடிச்சு, உருகின தண்ணி மொத்தமா ஸ்கெய்தரா மணல்வெளியில பாய்ஞ்சு, மேல சொன்ன பாலத்தோட ஒரு பகுதியையே பிச்சு எறிஞ்சுது. முறுக்கின இரும்பு உத்திரத்தை இன்னிக்கும் ரோட்டோரத்துல நினைவுச் சின்னமா வெச்சிருக்காங்க. 2011 ஜூலையில, நல்ல கோடைக்காலத்துல, வீக் ஊருக்குக் கிழக்கே முலாக்விஸ்ல் ஆத்துப் பாலம் வெள்ளத்துல போச்சு. ஒரு வாரத்துல தற்காலிகப் பாலம் போட்டுட்டாங்க, பாராட்டணும். ஆனா அந்த வாரத்துக்கு 'அஞ்சு நாள் வட்டம்' போட்டிருந்தவன் கதி? 2017 செப்டம்பர் கடைசியில மழை வெள்ளம், தென்கிழக்குல ஸ்டெய்னவோட்ன் பாலம் சேதம். இதெல்லாம் பெரிய சம்பவங்கள். காத்துக்காக ஒரு நாள், அரை நாள் ரோட்டை மூடறது குளிர்காலத்துல சர்வ சாதாரணம். கதவைச் சாத்திட்டு உக்கார வேண்டியதுதான்.

நாம எல்லாம் ஆபீஸ்ல ஆணி புடுங்கும்போது என்ன பேசறோம்? ஒரு சர்வர் படுத்தா மத்ததெல்லாம் படுக்கக் கூடாது, ஒண்ணை ஒண்ணு நம்பி இருக்கற மாதிரி கட்டாதேங்கறோம். டேமேஜர் பஃபர் இல்லாத ஷெட்யூல் குடுத்தா பேன்ட்ரியில நின்னு அவரைக் கிழிகிழின்னு கிழிக்கறோம். அதே ஆளுங்க காசு திரும்ப வராத புக்கிங்கா அஞ்சு ராத்திரிக்கு அஞ்சு ஊர்ல ரூம் போட்டு, ஒண்ணு போனா மத்த எல்லாம் போற மாதிரி ஒரு டூர் கட்டறோம். ரெண்டாம் நாள் காத்துல மாட்டினா மூணாம் நாள் ரூம் காசு போச்சு, நாலாம் நாள் திமிங்கலப் படகு போச்சு. அப்ப என்ன பண்ணுவான்? காசு போகுதேன்னு காத்துலயே ஓட்டுவான். என் பயம் அதுதான். மெதுவாப் போற ஆளுக்கு ரோடு மூடினா ஒரு மத்தியானம் குளத்துல போகும். வட்டம் போடற ஆளுக்கு அது ஒரு சூதாட்டமா மாறிடுது.

ஓட்டறதைப் பத்தியும் சொல்லிடறேன். நம்ம நண்பன் லண்டன்ல இருக்கான், ஓட்டறது இடப்பக்கம். ஐஸ்லாந்துல வலப்பக்கம். பகல்ல, புத்துணர்ச்சியா இருக்கறப்ப பிரச்சினை இல்லை. பத்தாவது மணி நேரத்துல, ஆள் இல்லாத ரோட்ல ஒரு வளைவு திரும்பும்போது கை பழைய பக்கத்துக்கே போகும். அப்புறம் ஒத்தைப் பாலம். 'எய்ன்பிரெய்த் ப்ரூ'ன்னு மஞ்சப் பலகை போட்டிருப்பாங்க. ரெண்டு பக்கத்துக்கும் ஒரே தடம், முதல்ல வந்தவன் முதல்ல. எண்ணிக்கையைக் குறைச்சுக்கிட்டே வர்றாங்கன்னாலும் தென்கிழக்குல இன்னும் இருக்கு. 2018 டிசம்பர் 27-ஆம் தேதி நூப்ஸ்வோட்ன் ஒத்தைப் பாலத்துலேர்ந்து ஒரு கார் கீழ விழுந்தது. பிரிட்டன்லேர்ந்து சுற்றுலா வந்த இந்திய வம்சாவளிக் குடும்பங்கள். ஏழு பேர்ல மூணு பேர் போயிட்டாங்க, அதுல ஒண்ணு கைக்குழந்தை. அவங்க அவசரத்துல போனாங்கன்னு நான் சொல்லலை, சொல்ல எனக்கு எந்த உரிமையும் இல்லை. நிதானமாப் போனாலே கை நடுங்க வெக்கற ரோடு அதுன்னுதான் சொல்றேன். அதுல அவசரத்தையும் சேத்து ஏத்தாதீங்க.

ஆடு இன்னொண்ணு. கோடை முழுக்க ரோட்ல திரியும். தாய் ஒரு பக்கம், குட்டி இன்னொரு பக்கம் நின்னா குட்டி கண்டிப்பா குறுக்கே ஓடும், எழுதி வெச்சுக்கங்க. செப்டம்பர்ல மலையிலேர்ந்து மொத்தமா ஓட்டிட்டு வருவாங்க, அப்ப ரோடே ஆடுதான்.

மாட்டிக்கிட்டா 112-க்கு ஃபோன் பண்ணலாம், ஆள் வந்துடும். யார் வர்றாங்க தெரியுமா? லான்ட்ஸ்பியோர்க்னு ஒரு மீட்பு அமைப்பு. எல்லாரும் தன்னார்வலர்கள், சம்பளம் கிடையாது. பகல்ல வேற வேலை பாக்கற சாதாரண மனுஷங்க. அவங்க செலவுக்குப் பெரும் பணம் புது வருஷத்துக்குப் பட்டாசு விக்கறதுல வருது. நம்ம எக்செல் ஷீட்ல பஃபர் விடாததுக்கு, யாரோ ஒருத்தர் நடுராத்திரியில பனியில எழுந்து வரணும்.

இனி நியாயமான எதிர்வாதம். "காசு உன் அப்பன் வீட்டுதா? இவ்ளோ செலவு பண்ணி, ஷெங்கன் விசாவுக்கு அலைஞ்சு, லீவுக்குக் கெஞ்சி, வாழ்க்கையில ஒரு தடவை போறோம். எல்லாத்தையும் பாத்துட்டு வரத்தானே தோணும்?" தோணும். எனக்கும் தோணும். அன்லிமிடெட் மீல்ஸ் டோக்கன் வாங்கினா ரெண்டாவது தடவை சாம்பார் கேக்காம எழுந்திருக்க மனசு வராத வர்க்கம்தான் நானும். ஆனா அந்த மீல்ஸ்ல பதினஞ்சு ஐட்டத்தையும் மூணு நிமிஷத்துல முழுங்கிட்டு எழுந்தா அதைச் சாப்பாடுன்னு சொல்வோமா? யோகுல்சார்லோன்ல பனிக்கட்டி ஒண்ணு தானாப் புரண்டு குப்புற விழும், அடிப்பக்கம் நீலக் கலர்ல மேல வரும். எப்ப விழும்னு யாருக்கும் தெரியாது. நான் அங்க ரெண்டு சாயங்காலம் உக்காந்தேன், ரெண்டாவது நாள்தான் பாத்தேன். ஒன்றரை மணி நேரக் கட்டத்துக்குள்ள அது வந்து விழணும்னு எதிர்பாக்க முடியுமா?

க்ளாஸ்துருக்கு மேற்கே ரோடு ஒரு பாசி படர்ந்த எரிமலைக் குழம்புக் காடு நடுவுல போகும். எல்ட்ராவுன்னு பேர். தொண்ணூறுல போனா சில நிமிஷம், 'பச்சையா ஏதோ'. அது 1783-ல ஆரம்பிச்சு எட்டு மாசம் கொட்டின லாக்கி எரிமலைக் குழம்பு. அதனால வந்த பஞ்சத்துல ஐஸ்லாந்து ஜனங்கள்ல அஞ்சுல ஒரு பங்கு செத்துப் போனாங்க. குழம்பு ஊரை நோக்கி வந்துக்கிட்டு இருந்தப்ப யோன் ஸ்டெய்ன்கிரிம்சன்ங்கற பாதிரியார் கோயிலுக்குள்ள ஜனங்களை உக்கார வெச்சுப் பிரசங்கம் பண்ணார், குழம்பு ஊருக்கு வெளிய நின்னுதுன்னு இன்னிக்கும் அந்த ஊர்ல சொல்றாங்க. எனக்கு இது தெரியவே காரணம் அந்தத் தொட்டிப் பெரியவர்தான். காத்து அடிக்கலைன்னா அவரும் இல்லை.

"அதே ரோட்ல திரும்பி வர்றது வேஸ்ட்"ங்கறதும் ஒரு குற்றச்சாட்டு. போய்ப் பாத்துட்டுச் சொல்லுங்க. நான் போகும்போது செல்யாலண்ட்ஸ்ஃபோஸ் அருவி மழையில வெறும் புகைமூட்டம். அது மேற்கே பாத்த அருவி. திரும்பி வரும்போது சாயங்கால வெயில் நேரா உள்ள அடிச்சுது. அருவிக்குப் பின்னாடி நின்னு அந்தத் தண்ணித் திரை வழியா சூரியனைப் பாத்தேன். அது வேஸ்ட்னா எனக்கு வேஸ்ட்டே போதும்.

வட்டமே போடாதீங்கன்னு நான் சொல்லவே இல்லை. பத்துப் பன்னெண்டு நாள், ஜூன் ஜூலை, ஓட்டறதுக்கு ரெண்டு பேர். தாராளமாப் போங்க. கிழக்கு ஃபியோர்டு நல்லா இருக்கும்னுதான் போனவங்க எல்லாம் சொல்றாங்க, அதைப் பகல்லயே பாருங்கன்னுதான் சொல்றேன். ஜூன்ல ராத்திரியும் வெளிச்சம் இருக்கேன்னு பன்னெண்டு மணிக்கு ஓட்டற கூத்து மட்டும் வேணாம். சூரியன் தூங்கலைங்கறதுக்காக நம்ம கண்ணு தூங்காம இருக்குமா?

அஞ்சாறு நாள்தான்னா, நண்பனுக்கு நான் திருப்பி அனுப்பின திட்டம் இது. வீக்கோ க்ளாஸ்துரோ, அந்தப் பக்கம் சமையலறை இருக்கற பண்ணை வீட்ல மூணு ராத்திரி. ஹோஃப்ன் பக்கம் ஒரு ராத்திரி, முடிஞ்சா ரெண்டு. கடைசி ராத்திரி ஏர்போர்ட் பக்கம். எல்லாமே ரத்து பண்ண முடியற புக்கிங். ஒரு நாளைக்கு ரெண்டு இடம், மூணாவது இடம் வானிலை பாத்து. தினமும் காலையில ரோடு நிலவரமும் வானிலையும் பாக்காம சாவியைத் தொடாதே. கதவைத் திறக்கும்போது கையால பிடிச்சுக்கோ, காத்துல பிச்சுக்கிட்டா வாடகைக் கார் இன்ஷூரன்ஸ் பெரும்பாலும் குடுக்காது. வடக்குதான் வேணும்னா இன்னொரு தடவை ரெய்க்யாவிக் உள்ளூர் ஏர்போர்ட்லேர்ந்து அக்குரேரிக்கு முக்கால் மணி நேர ஃப்ளைட் இருக்கு, அங்கேயே கார் எடுத்து மீவாட்னைச் சுத்து. லண்டன்லேர்ந்து மூணு மணி நேரம்தானேடா, மறுபடி வந்தா என்ன?

ரைஸ் குக்கர் கண்டிப்பா எடுத்துக்கச் சொன்னேன். ஸ்கீர்னு கெட்டித் தயிர் மாதிரி ஒண்ணு எல்லாக் கடையிலயும் கிடைக்கும், கொஞ்சம் பால் விட்டுக் கலக்கினா அருமையான தயிர்சாதம். ஒவ்வொரு ராத்திரியும் ஊர் மாறினா குக்கரை டிக்கியிலேர்ந்து இறக்கக்கூட மாட்டீங்க. பெட்ரோல் பங்க் ஹாட் டாக்தான் அஞ்சு நாளும்.

நண்பன் இன்னும் பதில் போடலை. மெசேஜ்ல ரெண்டு நீல டிக் மட்டும் விழுந்திருக்கு. அவன் தங்கமணிக்கும் அனுப்பி வெச்சிருக்கேன், அந்தப் பக்கம் நிலவரம் கொஞ்சம் நம்பிக்கையா இருக்கு.

அஞ்சு நாள் வட்டக் கட்சிக்காரங்க பின்னூட்டத்துல தாராளமா வந்து கும்மலாம். ஒரே நிபந்தனை. திட்டறதுக்கு முன்னாடி உங்க மூணாம் நாள் அட்டவணையை மணிக் கணக்கோட போடுங்க. சூரியன் எத்தனை மணிக்கு மறைஞ்சுதுங்கறதையும் சேத்து.